லைட்டக்கா போட்ட ஆஃப்பாயில்

முட்டைக் கம்பெனியில் அவளை எல்லோரும் லைட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கறுப்புத் திரை தொங்கும் சின்ன அறை, உள்ளே கும்மிருட்டு, நடுவில் உருளைகள் வைத்த பெல்ட் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அடியிலிருந்து வெளிச்சம் அடிக்க, அதன்மேல் முட்டைகள் வரிசையாக உருண்டு வரும். வெளிச்சம் பட்டால் முட்டை எதையும் ஒளிக்காது. மயிரிழை விரிசல், ரத்தப் புள்ளி, நாள்பட்டுக் கலங்கின கரு, எல்லாவற்றையும் பார்த்த மாத்திரத்தில் பொறுக்கித் தள்ள வேண்டும். சந்தேகமாக இருந்தால் கையால் ஒரு திருப்பு, மறுபக்கமும் பார்த்துவிட வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும். ஒரே ஒரு நாள் நின்று பாருங்கள், கண்ணை மூடினால் கனவிலும் முட்டை உருளும்.

அந்த வேலையில் லைட்டக்காவை அடித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது. புதிதாக வரும் பெண்களை எல்லாம் அவள் பக்கத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆனால் பாருங்கள் அநியாயத்தை, வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அது அவள் அடுப்படியில் பலித்தது. ஊருக்கெல்லாம் முட்டை பார்த்துக் கொடுக்கிறவளுக்கு மஞ்சள் கரு உடையாமல் ஓர் ஆஃப்பாயில் போட வராது.

வராது என்று மொட்டையாகச் சொல்வதும் தப்புதான். போட்டுப் பழகவே இல்லை. விரிசல் விழுந்த முட்டையைக் கம்பெனியில் விற்க மாட்டார்கள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் வேலையாட்கள் ஆளுக்கு ஓர் அட்டை முட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லைட்டக்கா கடையில் முட்டை வாங்கியதே இல்லை. முட்டையைப் போய் யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்பது அவள் கட்சி. ஆனால் விரிசல் முட்டையில் ஒரு சங்கடம் உண்டு. அதை முழுசாக வேக வைக்காமல் தின்றால் வயிறு கெட்டுவிடும். முதல் நாளே சூப்பர்வைசர் அதைச் சொல்லி மிரட்டியிருந்தார். அன்று பிடித்த பயம் அவளை விடவேயில்லை. வீட்டில் எந்த முட்டையை உடைத்தாலும் கரண்டியால் ஒரு குத்து, இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு, செருப்புத் தோல் மாதிரி ஆகும்வரை விட மாட்டாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் ஒரு தரம், "மஞ்சக்கரு ஒழுகுற மாதிரி ஒண்ணு போட்டுத் தாயேன்," என்று கேட்டார். அவ்வளவுதான், விரிசல் முட்டையால் வரும் வியாதிகளைப் பற்றி லைட்டக்கா ஒரு பிரசங்கமே செய்துவிட்டாள். அதற்கப்புறம் மனிதர் வாயைத் திறக்கவில்லை. இயல்பிலேயே அவர் கல்லுளிமங்கன். லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கூப்பாடு போட்டாலும், வெளியே நின்று "வர்றேன்" என்ற ஒரு வார்த்தையோடு ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பிப்பார். வீட்டிலும் அதே அளவுதான் பேச்சு.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். காலையில் அவர் எழுந்ததும், "ஒரு நடை போயிட்டு வர்றேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வருவதற்குள் தெருமுனையில் கம்பெனி வேன் வந்து லைட்டக்காவை ஏற்றிக்கொண்டு போய்விடும். காலையில் பசிக்காது என்பார். சரி, சில உடம்பு வாகு அப்படி என்று இவளும் விட்டுவிட்டாள். தனியாக அடுப்போரத்தில் நின்றபடியே எதையாவது விழுங்கிவிட்டு வேனுக்கு ஓடுவாள்.

ஒரு நாள் வேனில் பெட்டிக்காரி பற்ற வைத்தாள். முட்டைகளைப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. லைட்டக்காவின் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, புருஷன் இறந்தபின் அதே தெருவின் கோடியில் தனியாக இருக்கிறாள். பெட்டிக்காரி அவளுக்கு அடுத்த வீடு. அடுத்த வீட்டில் ஊசி விழுந்தால் நூலோடு விழுந்ததா என்று சொல்லக்கூடியவள்.

"ஏன்க்கா, உங்க வீட்டுக்காரருக்கு முட்டைன்னா உசுரோ?"

"ஏன்டி கேக்குற?"

"இல்ல, தினமும் காலைல அவங்க அக்கா வீட்டுல உக்காந்து முட்டை சாப்பிடுறாரே, அதான் கேட்டேன். வாசனை எங்க வீடு வரைக்கும் வருது."

"தினமுமா?"

"தினமும்தான். மழை பேஞ்சாலும் குடையப் புடிச்சுக்கிட்டு வந்துருவாரு. வருஷக்கணக்கா நடக்குது. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? நான்தான் போயிட்டு வாங்கன்னு சொன்னேன்," என்றாள் லைட்டக்கா. பொய் தானாக வாயில் வந்தது. முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். வேன் முழுக்கப் பெண்கள், அத்தனை பேர் காதும் இவள் பக்கம்தான் இருந்தது. காலையில் பசிக்காது! இத்தனை வருஷமாக அவளுக்குக் காது குத்தியிருக்கிறார். அன்றைக்கு பெல்ட்டில் விரிசல் முட்டைகள் அவள் கண்ணெதிரிலேயே உருண்டு போயின. சூப்பர்வைசர் திரையை விலக்கி, "உடம்பு சரியில்லையா லைட்டக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்து, ஏதோ லிஃப்ட் பித்தானைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். இவள் எதிரே போய் நின்றாள்.

"காலைல எங்கங்க போறீங்க?"

"நடக்க."

"நடந்து?"

அவர் பித்தானைத் திருப்பி மறுபக்கம் துடைத்தார்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீங்க. உங்க அக்கா வீட்டுல தினமும் முட்டை சாப்பிடுறீங்களாமே? இந்த வீட்டுல முட்டைக்கா பஞ்சம்? ஃப்ரிட்ஜத் தொறந்தா முட்டை, மூடுனா முட்டை! வேன்ல ஒருத்தி சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா? எனக்கு எப்படி இருந்துருக்கும்?"

அவர் துணியை மடித்து வைத்தார். அப்புறம், "அங்க மஞ்சக்கரு உடையாம வரும்," என்றார்.

அதோடு சரி. மறுபடி பித்தானைத் துடைக்கப் போய்விட்டார். கத்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம். இப்படி ஒரு வரியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதரை என்ன செய்வது? முட்டையைப் பற்றி, போயும் போயும் முட்டையைப் பற்றி, இவளிடம் ஒருத்தர் குறை சொல்வதா? அதுவும் தெருவுக்கே தெரிகிற மாதிரி, தினம் ஒரு தடவை, செருப்பு மாட்டிக்கொண்டு போய்?

அன்று தீர்மானம் செய்தாள். அவளுக்கு வேண்டியது நகையும் இல்லை, நட்டும் இல்லை. காலையில் அந்த மனிதர் இந்த வீட்டு மேசையில், இவள் எதிரில், உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு மஞ்சள் கரு உடையாமல் வரவேண்டும் என்றால் வரவழைத்துவிட்டுத்தான் மறுவேலை. நாத்தனாரிடம் பக்குவம் கேட்டிருக்கலாம், கேட்டால் நாலு வார்த்தையில் முடிந்துபோகிற சமாசாரம். ஆனால் செத்தாலும் கேட்க மாட்டேன் என்று இருந்தாள்.

மறுநாள் அவர் நடை கிளம்பியதும் ஃப்ரிட்ஜிலிருந்து விரிசல் முட்டைகளை எடுத்தாள். கை பழகட்டும், பழகினபின் நல்ல முட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. தவாவில் எண்ணெய் விட்டு, ஓட்டைப் பிளந்து, பூப்போல இறக்கினாள். இறங்கும்போதே கரு பொலபொலவென்று உடைந்து ஓடியது. இன்னொன்று எடுத்தாள். அது தவாவைத் தொடும்வரை முழுசாக இருந்தது, தொட்டதும் பிதுங்கியது. மூன்றாவதில் ஓட்டுச் சில்லு ஒன்று உள்ளே விழுந்து, அதை எடுக்கப் போன விரலே கருவைக் கிழித்தது. எல்லாவற்றையும் கிளறி, நன்றாக வேக வைத்து, அடுப்பு ஓரத்தில் நின்றபடியே தின்று முடித்தாள். வேன் ஹாரன் கேட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள், ஒன்றுகூட நிற்கவில்லை. கடைசியில்தான் அவளுக்கு உறைத்தது. அடி பெண்ணே, நீயே வெளிச்சத்தில் பார்த்துக் கழித்துப் போட்ட முட்டை இது! பெல்ட்டில் இடிபட்டு, ஓடு உடைந்து, ஃப்ரிட்ஜில் கிடந்து கரு தளர்ந்துபோன முட்டை. அதை வைத்துக்கொண்டு உன் கையை நொந்து என்ன பிரயோஜனம்? பாதிக் கோபம் அன்றைக்கே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. இத்தனை வருஷம் இது தெரியாமல் இருந்தோமே என்று இன்னும் கொஞ்சம் ஏறியது.

சாயங்காலம் முட்டை வாங்கத் தெருமுனை மளிகைக் கடைக்குப் போனாள். கம்பெனியில் சேர்ந்தபிறகு முதல் தடவை.

"நல்ல முட்டையா ஒரு அஞ்சாறு குடுங்க."

"எல்லாமே நல்ல முட்டைதான்மா," என்றார் கடைக்காரர். "இன்னிக்குக் காலைல வந்தது."

லைட்டக்கா ஒன்றைக் கையில் எடுத்தாள். அப்புறம் கைபேசியை எடுத்து டார்ச்சைப் போட்டு முட்டையின் அடியில் வைத்தாள். பழக்கதோஷம், வேறென்ன சொல்ல? முட்டையின் மொட்டைப் பக்கத்தில் காற்று நிற்கும் இடம் ஒன்று உண்டு. முட்டை பழசாக ஆக அந்த இடம் பெரிதாகும். இதில் கால்வாசி முட்டை காற்றாக இருந்தது.

"இன்னிக்குக் காலைல வந்ததா? இது போன மாசமே பொறந்துருச்சுங்க."

"என்னம்மா விளையாடுறியா?"

"நீங்கதான் விளையாடுறீங்க. இதைப் பாருங்க, இது அதுக்கு மூத்தது. இது கொஞ்சம் பரவால்ல, ஆனா விரிசல். இது..." பேசப் பேசக் கை வேகம் பிடித்தது. எடுக்கிறாள், வெளிச்சத்தில் வைக்கிறாள், ஒரு திருப்பு, இடது பக்கம் தள்ளுகிறாள். கடைக்குள் கம்பெனி பெல்ட்டே ஓடுகிற மாதிரி இருந்தது. பின்னால் ஏற்கெனவே முட்டை வாங்கி நின்ற ஒரு பெரியவர், "அம்மா, இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லு," என்று தன் பொட்டலத்தை நீட்டினார். இன்னொருத்தி தன் பையைத் திறந்து முட்டையை எல்லாம் வெளியே எடுத்து வைத்தாள்.

கடைக்காரர் கைகூப்பிவிட்டார். "தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும். உள்ள புது அட்டை ஒண்ணு இருக்கு, வேணுங்கறத எடுத்துக்கிட்டு எடத்தக் காலி பண்ணு."

புது அட்டையிலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் அவள் கிளம்பினாள். வீடு வரும்வரை முட்டைப் பையை இடுப்புக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தாள்.

நல்ல முட்டை கிடைத்துவிட்டது, இனி என்ன என்றுதானே நினைப்பீர்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள். மறுநாள் காலை தவாவில் முட்டையை இறக்கினாள். கரு உடையவில்லை. வெள்ளை பரவி, நடுவே மஞ்சள் குமிழ் மாதிரி அழகாக நின்றது. "வாடி என் ராசாத்தி," என்று லைட்டக்கா வாய்விட்டே சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கை, அந்தப் பாழாய்ப்போன கை, கரண்டியை அடியில் விட்டு முட்டையைத் திருப்பிப் போட்டது.

அவளா திருப்பினாள்? கை திருப்பியது. காலையிலிருந்து சாயங்காலம்வரை முட்டையைக் கண்டால் திருப்பு, திருப்பு என்று பழகின கை. கீழே இருந்த பக்கத்தை மேலே கொண்டுவந்து பார்க்காவிட்டால் அதற்கு இருப்புக்கொள்ளாது. மஞ்சள் கரு தவாவில் மோதி உடைந்து, புகைந்து, கருகியது. லைட்டக்கா கரண்டியைத் தொட்டியில் விட்டெறிந்தாள். "கையா இது? வெட்டிப் போடணும்!" என்று தனியாகக் கத்தினாள். கத்திவிட்டு அதையும் நின்றபடியே தின்றாள், ஹாரன் அடித்துவிட்டதே.

அடுத்த நாளும் கை திருப்பியது. அதற்கடுத்த நாள் கரண்டியே வேண்டாம் என்று அலமாரியில் பூட்டினாள். அன்றைக்குக் கை தவாவின் பிடியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டியது, முட்டை பாதி மடங்கிப்போனது. இன்னொரு நாள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குற்றவாளி மாதிரி அடுப்பு முன்னால் நின்றாள். திருப்பவில்லை, சரி. ஆனால் தீ அதிகம். ஓரமெல்லாம் கருகி மொறுமொறுவென்று எழுந்துகொண்டது, மேலே வெள்ளை வேகாமல் சளசளவென்று ஆடியது. மூடி போட்டால் மஞ்சள் கரு வெந்து தொலைத்தது. மூடியை எடுத்தால் வெள்ளை வேகமாட்டேன் என்றது. ஒரு முட்டைக்குள் இருக்கிற இரண்டு கரு, அதற்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றால் வெளியே இருக்கிறவர்கள் என்ன செய்ய முடியும்?

இதெல்லாம் நடக்கும்போது வீட்டுக்காரர் தினமும் நடை போய்க்கொண்டுதான் இருந்தார். குட்டு வெளிப்பட்டதே, ஒரு நாளாவது வெட்கப்பட்டு வீட்டில் இருப்போம் என்று இருந்தாரா? இல்லை. ஒரு நாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "ஏதோ கருகுது போல," என்றார். லைட்டக்கா வாய்வரை வந்ததை மென்று விழுங்கினாள். மகள் போனில் கூப்பிட்டு, "என்னம்மா, குரலே ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்லடி, முட்டை," என்றாள். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசியில் அது வந்தது. தவா சூடானதும் தீயை முடிந்தமட்டும் குறைத்தாள். முட்டையை முதலில் கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தைத் தவாவை ஒட்டிச் சாய்த்து, வழுக்கிவிட்டாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வெள்ளை பால் நிறத்துக்கு வரும்வரை பொறுத்தாள். அப்புறம் மூடியைப் போட்டு, மூச்சை எண்ணி எண்ணிக் காத்திருந்து, தட்டில் எடுத்தாள். மஞ்சள் கரு மேல் மெல்லிய வெள்ளைப் படலம். தட்டை லேசாக அசைத்தால் உள்ளே தளதளவென்று ஆடியது. ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. அவளுக்கே நம்பிக்கை வரவில்லை, அடுத்த நாளும் அதேபோல் வந்தபிறகுதான் நம்பினாள்.

மூன்றாம் நாள் அவர் செருப்பைத் தேடும் முன்பே வாசலில் போய் நின்றாள்.

"உக்காருங்க."

"நடைக்கு..."

"நடை எங்கயும் ஓடிப்போகாது. உக்காருங்கன்னா உக்காருங்க."

உட்கார்ந்தார். தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். ஸ்பூன் நுனியால் மஞ்சள் கருவைத் தொட்டார். அது கிழிந்து, கெட்டியாக, மெதுவாக வெள்ளையின் மேல் வழிந்தது. ரொட்டித் துண்டால் அதைத் தொட்டு வாயில் வைத்துக் கண்ணை ஒரு கணம் மூடினார்.

"நல்லா இருக்கு," என்றார்.

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

ரொம்ப என்ற வார்த்தையை அந்த வாயிலிருந்து லைட்டக்கா கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! தட்டைத் துடைத்து வைத்த மாதிரி சாப்பிட்டார். இவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு அவர் எதிரே உட்காரலாம், வேன் வர நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். உள்ளே போய் இன்னொரு முட்டையை எடுத்தாள். தவாவைக்கூட வைக்கவில்லை, வாசலில் குரல் கேட்டது.

"ஒரு நடை போயிட்டு வர்றேன்."

செருப்புச் சத்தம் தெருவில் இறங்கியது.

லைட்டக்கா கையில் முட்டையோடு அப்படியே நின்றாள். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து தோன்றியது. முட்டையை வைத்தாள், கம்பெனிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும். அப்படி என்ன முட்டை போட்டுவிடுகிறாள் அந்த அக்கா? தங்க முட்டையா?

நாத்தனார் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. சின்ன மேசையில் அக்காவும் தம்பியும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு தட்டு. லைட்டக்கா வாசலில் நின்றபடியே அவர் தட்டைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு டார்ச் தேவையில்லை. ஓரம் கருகி, இரண்டு பக்கமும் திருப்பி, மஞ்சள் கரு சுண்ணாம்புக்கட்டி மாதிரி இறுகின ஒரு முட்டை. அவர் அதை ஸ்பூனால் அறுத்துக்கொண்டிருந்தார். அறுபடவில்லை, கையால் பிய்த்தார்.

"அடடே, வாம்மா, வா!" நாத்தனார் எழுந்தாள். "வாசல்லயே நிக்கிறியே. உனக்கும் ஒண்ணு போடட்டா?"

"அண்ணி, இதுவா ஆஃப்பாயில்?"

"ஆஃப்பாயிலா? ஐயோ, அந்தக் கண்ராவி எனக்கு ஆகாதும்மா. மஞ்சக்கரு ஒழுகுனாலே எனக்குக் குமட்டிக்கிட்டு வரும். நல்லா வேக வெச்சாத்தான் எனக்கு எறங்கும். தம்பியும் அப்படித்தான் வேணும்பான்."

லைட்டக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் பிய்த்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நாத்தனாருக்கே ஏதோ சரியில்லை என்று பட்டது, எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"கொஞ்சம் வெளிய வாங்க," என்றாள் லைட்டக்கா.

தெருவில் வந்து நின்றார்கள். பெட்டிக்காரி வீட்டு ஜன்னல் திறப்பது இவளுக்குத் தெரிந்தது. திறக்கட்டும், நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கட்டும்.

"அங்க மஞ்சக்கரு உடையாம வரும்னு சொன்னீங்களே?"

"நீ கேட்ட. ஏதோ வாயில வந்தது, சொன்னேன்."

"வாயில வந்ததா? அந்த ஒரு வார்த்தைக்காக எத்தன முட்டையப் பாழாக்குனேன்னு தெரியுமா உங்களுக்கு? கடைக்காரன்கிட்ட ஏச்சு வாங்கி, கையச் சுட்டுக்கிட்டு, கருகுனதையெல்லாம் நானே தின்னு... ஏன்? எதுக்கு இந்தப் பொய்?"

அவர் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். அன்றைக்கு அவர் பேசின அளவு, கல்யாணமானதிலிருந்து ஒரே மூச்சில் அவர் பேசி அவள் கேட்டதில்லை.

"மாமா போனதுக்கப்புறம் அக்கா காலைல சாப்பிடுறதே இல்ல. ஒரு நாள் வந்து பாக்கறேன், அடுப்பே பத்த வெக்கல. நான் உக்காந்து சாப்பிட்டா கூட உக்காந்து ரெண்டு வாய் சாப்பிடுவாங்க. அதான் வர்றேன். உங்கிட்ட சொன்னா, நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வாங்கம்ப. அவங்க வர மாட்டாங்க. அது ஒரு பஞ்சாயத்து ஆகும். எதுக்குன்னு விட்டுட்டேன்."

லைட்டக்காவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கோபம் வந்த வேகத்திலேயே வடிந்து, சே, நல்ல மனுஷன்தான், இதற்குப்போய் இத்தனை நாள் குமைந்தோமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். அவள் முகம் இளகினதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் புரியவைக்க நினைத்தார்.

"தெனமும் காலைல தனியாவே உக்காந்து சாப்பிட்டா, ஒரு மனுஷிக்கு எப்படிச் சோறு எறங்கும்? நீயே சொல்லு."

தெருமுனையில் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"என்னையா கேக்குறீங்க?" என்றாள் லைட்டக்கா.

அவருக்குப் புரியவில்லை. புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"உக்காந்து சாப்பிடுறதப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. நான் இத்தன வருஷமா நின்னுக்கிட்டேதான் சாப்பிடுறேன்."

அவர் வாயைத் திறந்தார். இரண்டாவது ஹாரன் அடித்தது. பதிலுக்கு நிற்க அவளுக்கு நேரமில்லை, வேன் யாருக்காகவும் மூன்றாவது ஹாரன் அடிக்காது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். பின்னாலேயே பெட்டிக்காரி மூச்சிரைக்க ஓடிவந்து ஏறி, பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். ஜன்னலோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டிருப்பாள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதிசயமாக அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் எல்லோரையும் கேட்கிறதைத்தான் கேட்டாள்.

"சாப்டாச்சாக்கா?"

ஆச்சு என்று சொல்ல லைட்டக்கா வாயெடுத்தாள். பின்பக்கக் கண்ணாடியில் அவர் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. அக்கா வீட்டுக்குள்ளும் போகவில்லை, தன் வீட்டுப் பக்கமும் திரும்பவில்லை.

"இல்லடி," என்றாள். "இன்னும் சாப்பிடல."